எல்லாமே மஞ்சள்

ஜனவரி 20, திங்கள்

என் கையெழுத்து அழகாக இருக்கிறதாம். அதனால் புதுக் கட்டடத்துக்குப் போகிற கேபிள்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டுகிற வேலை எனக்கு. நெட்வொர்க் சுவிட்சுகளை அமைக்கிற வேலை மௌலிக்கு. லேபிளை அச்சடிப்பது மெஷின், அதில் என் கையெழுத்து எங்கே வருகிறது என்று கேட்டேன். சென்னியப்பன் சார் சிரித்தார்.

"பொறுமை வேணுமில்ல அம்மிணி. பசங்களுக்கு அது வராது."

சார்தான் இந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர். அவருக்குக் கீழே மௌலீஸ்வரனும் நானும். இரண்டு பேரும் ஒரே மாதத்தில், ஒரே படிப்போடு, ஒரே பதவியில் சேர்ந்தவர்கள். ஆனால் யாருக்காவது ஈரோட்டு வெயிலில் மொட்டை மாடி ஸ்டோருக்கு ஏறிப் பிரின்டர் தாள் கட்டு கொண்டுவர வேண்டியிருந்தால் மௌலியைக் கூப்பிட மாட்டார்கள். அவன் ஏதோ முக்கியமாகச் செய்துகொண்டிருப்பான்.

புதுக் கட்டடத்தின் சர்வர் அறைக்குத் தனியாக ஒரு பொறுப்பாளரைப் போடப்போகிறார்கள். இடமாற்றம் ஒழுங்காக முடிந்தால் அது எனக்குத்தான் என்று சார் தீபாவளிக்கு முன்பே சொல்லியிருக்கிறார். எனக்கு அது வேண்டும். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. லேபிள் ஒட்டித்தான் அங்கே போக வேண்டுமென்றால் ஒட்டுகிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பழைய சர்வர் அறையில் ரேக்கின் பின்கதவைத் திறந்தால் கேபிள்கள் வயிற்றைக் கிழித்ததுபோல் சரிந்து விழுகின்றன. பத்து வருடமாக யார் யாரோ வந்து சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு கேபிளில் மருந்து பிளாஸ்திரி சுற்றி, பேனாவால் 'முக்கியம்' என்று எழுதியிருக்கிறது. எதற்கு முக்கியம் என்று இல்லை. இன்னொன்றில் 'கேட்காமல் கழற்றாதே'. யாரைக் கேட்பது? எழுதியவர் வேலையை விட்டுப்போய்ப் பல காலம் ஆகிறது. கடைசி வரை பிடித்துக்கொண்டு போனேன். அதன் மறுமுனை எதிலும் மாட்டப்படாமல் தரையில் கிடந்தது.

ஒவ்வொன்றாக இழுத்து, மறுமுனையைக் கண்டுபிடித்து, இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுகிறேன். சுருணையைப் பிரித்து, வேண்டிய நீளம் விட்டு, மிச்சத்தை மடித்துக் கட்டுகிறேன். மதியத்துக்கு மேல் மௌலி வந்து டார்ச் பிடித்தான். டீ வாங்கி வந்தான். எனக்குச் சர்க்கரை இல்லாமல். அதை நான் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் என்னிடம் வாங்கிப்போன நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறானாம். அவன் மேசையில் பார்த்தேன். அடையாளம் வைத்த பஸ் டிக்கெட் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. மெதுவாகப் படிப்பவர்கள்தான் ஆழமாகப் படிப்பவர்கள்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று முடித்த வேலையில் எனக்கே ஒரு கர்வம். சர்வர் ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வயர் இரண்டு. ஒன்று முதல் யு.பி.எஸ்ஸுக்கு, மற்றது இரண்டாவதற்கு. ஒரு யு.பி.எஸ். நின்றாலும் மற்றது தாங்கும். இரண்டு வயரையும் மறந்துபோய் ஒரே பக்கம் சொருகிவிட்டால் இரண்டு வயர் வைத்ததற்கே அர்த்தமில்லை. அதனால் முதல் யு.பி.எஸ். வயர்களுக்கெல்லாம் சிவப்புப் பட்டை, இரண்டாவதற்குக் கருப்பு. சொருகும் இடத்திலும் அதே நிறம். படிக்கவே வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தாலே தப்பு தெரியும்.

மௌலி பார்த்துவிட்டு, "கண்ண மூடிட்டுக்கூட சொருகிடலாம் வாணி" என்றான். கண்ணை மூடினால் நிறம் எப்படித் தெரியும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜனவரி 28, செவ்வாய்

ஆஸ்பத்திரி சேர்மன் வந்தார். புது அறையைச் சுற்றிப் பார்த்தார். ஏ.சி.யைப் பாராட்டினார். காலி ரேக்கின் பின்புறம் நான் ஒட்டி வைத்திருந்த பட்டைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதென்ன கருப்பு? புது ரூம்ல, குடிபோகறதுக்கு முன்னாடி?"

நான் விளக்கத் தொடங்கினேன். என்னை அவர் கேட்கவில்லை, சாரைக் கேட்டார். சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடுத்தர்லாங்க ஐயா. பொண்ணு தெரியாம ஒட்டிருச்சு." பிறகு சேர்மனே யோசனை சொன்னார், எல்லாவற்றுக்கும் மஞ்சள் போடுங்கள், மங்களகரமாக இருக்கும் என்று.

எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் என்றால் நிறமே இல்லை என்பதுதானே. அவர் போனபிறகு சாரிடம் சொன்னேன். எண் இருக்கிறதல்லவா, படித்துச் சொருகட்டும், படித்தவர்கள்தானே என்றார். மிளகு அளவு எழுத்தை ரேக்குக்குப் பின்னால் குனிந்து, இருட்டில், அவசரத்தில் யார் படிப்பார்கள் என்றேன்.

"அம்மிணி, அவரு சம்பளம் குடுக்கறாரு. அவருக்கு மஞ்சள் வேணும்."

ஜனவரி 29, புதன்

நாளெல்லாம் நகத்தால் கருப்பையும் சிவப்பையும் சுரண்டினேன். கட்டைவிரல் எரிகிறது. சார் மஞ்சள் டேப் ஒரு பெட்டியே வாங்கி வந்து வைத்துவிட்டார். எவ்வளவு சுறுசுறுப்பு. போன வாரம் நான் லேபிள் மெஷினுக்கு பேட்டரி கேட்டபோது அடுத்த மாதம் பார்க்கலாம் என்றவர் இவர்.

இரவு அம்மா போனில் பேசினாள். அந்தப் பையன் நல்லா இருக்கானா என்று கேட்டாள். எந்தப் பையன் என்றேன். உன்னோட வேலை பாக்கறவன், நீதானே எப்பவும் சொல்லுவ என்றாள். நான் எப்போதும் சொல்வதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

குடிபோயாயிற்று. வெளிநோயாளிகள் இல்லாத நாள் என்பதால் ஞாயிறு. காலையில் பழைய அறையில் எல்லாவற்றையும் அணைத்தோம். சர்வர்களை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது புதுக் கட்டடத்து லிப்ட் பாதியில் நின்று, காலை முழுக்க அதிலேயே போயிற்று. ராகு காலத்துக்கு முன்னால் மெஷின்கள் ஓடியாக வேண்டும் என்று சேர்மன் சொல்லிவிட்டதால் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் ரேக்கை நான் முடித்தேன். ஒவ்வொரு வயரையும் திருப்பி, எண்ணைப் படித்து. நடு ரேக்கில் கை வைக்கும்போது வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். குத்துவிளக்கேற்ற ஒரு பெண் வேண்டும். சேர்மன் வீட்டம்மா ஊரில் இல்லை. அந்தத் தளத்தில் இருந்த ஒரே பெண் நான்.

வேலை பாதியில் இருக்கிறது என்றேன். சார் கண்ணை உருட்டினார். மௌலி என் கையிலிருந்த வயரை வாங்கிக்கொண்டான்.

"நீ போ வாணி, நான் பாத்துக்கறேன். நம்பர் படிச்சுத்தான் சொருகுவேன்."

தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஐயர் மந்திரம் முடிப்பதற்காகக் காத்து நின்றேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மௌலி ரேக்குக்குப் பின்னால் குந்தியிருந்தான். சார் அவன் தலைக்கு மேல் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் என்ஜினியர். நான் ஒட்டிய லேபிள்கள் அங்கே இருக்கின்றன. நான் இங்கே திரியைத் தூண்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்து முகமும் ஏற்றினேன். எல்லா மெஷினிலும் பச்சை எரிந்தது. கைதட்டினார்கள். ரேக் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம்.

பிரசாதம் வாங்கிக்கொண்டு மௌலியிடம் கேட்டேன், எண் பார்த்தாயா என்று. பார்த்துவிட்டேன் என்றான். நடு ரேக்? அதுவும்தான். கடைசி ரேக்? எல்லாம்தான், போய்ச் சாப்பிடு என்றான். நெற்றியில் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கியிருந்தது. போய்க் குனிந்து பார்த்திருக்கலாம். களைப்பு, பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

எல்லாம் ஓடுகிறது. சார் எனக்கு ஒரு லட்டு அதிகம் கொடுத்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் கூட்டம் முட்டுகிற நேரத்தில் கரண்ட் போனது. முதல் யு.பி.எஸ். தாங்காமல் நின்றுவிட்டது. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரே அடியாகப் போயின.

ஓடினேன். நடு ரேக் பாதி செத்துக் கிடந்தது. பின்னால் குனிந்து டார்ச் அடித்தேன். சர்வருக்குச் சர்வர் மஞ்சள் வயர் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே பிளக் பலகையில், ஒரே யு.பி.எஸ்ஸில். யாரும் எதையும் படிக்கவில்லை. கைக்கு எட்டிய இடத்தில் சொருகியிருக்கிறது.

எனக்குப் பின்னால் மௌலி வந்து நின்றான். அவனும் பார்த்தான். 

"சார் தலைமேல நின்னாரு வாணி. இப்ப மாத்திரலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

மாற்றினோம். நின்றுபோனவற்றை மட்டும். எல்லாம் எழுந்து வர வெகுநேரம் ஆயிற்று. கீழே பதிவு மேசைக்கு முன்னால் பவானியிலிருந்து வந்த ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். நேற்றே ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். முடிவு கம்ப்யூட்டரில் இருக்கிறது, வந்தால்தான் மருந்து எழுத முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரையும் திட்டவில்லை அவள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

சேர்மன் அறையில் விசாரணை. சார், மௌலி, நான்.

சார் முதலில் பேசினார். லேபிளில் குழப்பம், எல்லாம் ஒரே நிறமாகப் போய்விட்டது என்றார். மஞ்சள் டேப் வாங்கிவந்த கையாலேயே சைகை காட்டிச் சொன்னார். சேர்மன் தலையாட்டினார். ஒரே நிறத்தில் ஒட்டினால் எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்டார். அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. அவர் போகிற போக்கில் சொன்னது, நான் நாளெல்லாம் நகம் தேயச் சுரண்டியது.

நான் ஆரம்பித்தேன். கருப்பு என்ற சொல் வாயிலிருந்து வருவதற்குள் சார், "இருங்க அம்மிணி, ஐயா பேசட்டும்" என்றார். சேர்மன் மௌலியைப் பார்த்தார்.

"நீதானப்பா சொருகுனது? லேபிள் சரியா இருந்துச்சா?"

மௌலி மேசைக் கண்ணாடியைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்ன சொல்லப்போகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"கொஞ்சம் கொழப்பமாத்தான் இருந்துச்சுங்க ஐயா."

பொய் இல்லை. குழப்பமாகத்தான் இருந்தது. நான்தான் முதலில் சொன்னேன் குழப்பமாக இருக்கும் என்று. பொய்யென்றால் எதிர்த்துப் பேசலாம். இந்த மாதிரிப் பாதி உண்மையை எங்கே பிடிப்பது, எந்தப் பக்கமும் வழுக்குகிறது. எண் இருந்தது, படிக்கவில்லை என்றேன். சரி சரி, இனிமேல் பார்த்து ஒட்டம்மா என்றார் சேர்மன், குழந்தையிடம் சொல்வதுபோல. அங்கேயே, நான் இருக்கும்போதே, புது அறைப் பொறுப்பை மௌலிக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. நெருக்கடியில் பதறாமல் சரிசெய்தானாம்.

வெளியே வந்ததும் அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் மாடிப்படியில் இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

கோபத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எரிக்கும், கண்ணை மறைக்கும் என்றெல்லாம். எனக்கு மறைக்கவில்லை. எல்லாம் முன்பைவிடத் துல்லியமாகத் தெரிகிறது. அந்தப் பஸ் டிக்கெட் உட்பட.

பிப்ரவரி 10, திங்கள்

விட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் புதன்கிழமை இரண்டாவது யு.பி.எஸ்ஸை நிறுத்தி சர்வீஸ் செய்யப்போகிறார்கள். இரண்டு வயரும் முதல் யு.பி.எஸ்ஸில் இருந்த மெஷின்கள்தான் அன்று நின்றன. இரண்டு வயரும் இரண்டாவதில் இருப்பவை நிற்கவில்லை, அதனால் யாரும் அவற்றை நினைக்கவில்லை. புதிய பொறுப்பாளரும் நினைக்கவில்லை. பவானிப் பெண் மறுபடி வந்து நிற்பாள்.

காலையில் வந்ததும் அறையைத் திறந்தேன். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. இரண்டாவது யு.பி.எஸ். வயர்களுக்குக் கருப்புப் பட்டை புதிதாக அச்சடித்தேன். ஒவ்வொரு சர்வராக, ஒரு வயரைக் கழற்றி, சரியான பக்கம் மாற்றி, பட்டையைச் சுற்றி, பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு அடுத்தது. மஞ்சளைக் கிழிக்கக் கிழிக்கச் சுகமாக இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

பாதி வேலையில் மௌலி வந்தான். கருப்பைப் பார்த்தான்.  பக்கத்தில் குந்தி டார்ச்சை எடுத்தான்.

"அதக் கீழ வை" என்றேன். "ஐயாகிட்டப் போயி, நீ நம்பரப் படிக்கலைன்னு சொல்லு. அப்புறம் வந்து புடி."

"வாணி, அது முடிஞ்சு போச்சு..."

"எனக்கு முடியல."

போனான். கீழே போனானா, டீக்கடைக்குப் போனானா தெரியாது. நான் முடிக்கும்வரை திரும்பி வரவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்யலாம், தாடை வலிக்கும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, புதன்

இரண்டாவது யு.பி.எஸ். காலையில் நின்றது, மதியம் வந்தது. எதுவும் நிற்கவில்லை. எதுவும் நிற்காததால் யாருக்கும் எதுவும் தெரியாது.

மதியம் கேன்டீனில் மௌலி எதிரே வந்து உட்கார்ந்தான். முகத்தில் பெரிய பாரம் இறங்கிய களை.

"சொல்லிட்டேன். நேத்து. நான்தான் படிக்காம சொருகுனேன்னு."

என்ன சொன்னார் என்றேன்.

"சிரிச்சாரு. கூட வேலை பாக்கற புள்ளைய விட்டுக்குடுக்காம பழியத் தன்மேல போட்டுக்கறான் பாரு, இந்த மனசு யாருக்கு வரும்னு சார்கிட்டச் சொன்னாரு."

அவன் உண்மையைச் சொன்னான். அது அவனுடைய பெருந்தன்மையாகிவிட்டது. தப்பு என் பேரிலேயே இருக்கிறது, அதோடு இப்போது அவன் என்னைக் காப்பாற்றியவனும் ஆகிவிட்டான். நீ மறுத்தாயா என்று கேட்டேன். அதற்கு மேல் என்ன சொல்வது, நம்ப மாட்டேன் என்கிறாரே என்றான். நம்பாதது அவனுக்கு வருத்தமாக இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு இட்லியையும் சாப்பிட்டு முடித்தான். இனிமேல் நமக்குள் ஒன்றுமில்லையே என்று கேட்டான்.

ஒன்றுமில்லை என்றேன். எவ்வளவு உண்மை என்று சொன்னபிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

நானே சேர்மன் அறைக்குப் போனேன். சாரிடம் கேட்டுக்கொண்டு போகவில்லை.

உட்காரச் சொன்னார். அந்தப் பையனின் நல்ல மனதைப் பற்றித் தொடங்கினார். முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: "ஐயா, நான் மறுபடி கருப்பு ஒட்டியிருக்கேன். நேத்து ஒரு யு.பி.எஸ். நாலு மணி நேரம் நின்னுச்சு, உங்களுக்குத் தெரியல. கருப்பு இருந்ததாலதான் தெரியல. வேண்டாம்னா எடுக்கச் சொல்லுங்க. சார் வழியா வேண்டாம், நீங்களே சொல்லுங்க."

அவர் என்னை முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மேசைமேல் பேனாவை உருட்டினார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. கெட்ட மனிதரில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வழி கண்டுபிடித்தார்: வேலையை நீயே பாரும்மா, உனக்குத்தான் அது தெரியுது, பேரு அவனுக்கு இருக்கட்டும், சொல்லியாச்சு.

"வேலையும் பேரும் ஒரே ஆளுக்குக் குடுங்கய்யா. அது மௌலின்னா எனக்குச் சரி."

சாவியை எடுத்து மேசையின் நடுவில் வைத்துவிட்டு வந்தேன். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். பயத்தினால் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிப்ரவரி 15, சனி

மௌலி சாவியோடு வந்தான். சாரிடமும் ஐயாவிடமும் அவனே பேசினானாம். எனக்காக விட்டுக்கொடுக்கிறானாம். சாவியை என் மேசையில், தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைத்தான்.

எடுக்கவில்லை. அவன் கையிலிருந்து வாங்கினால் அது அவன் கொடுத்ததாகும். நாளை யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், அவனும் மறுக்க முயல்வான், அதையும் பெருந்தன்மை என்பார்கள்.

"அப்ப எடுக்க மாட்டியா?"

"குடுக்க வேண்டியவரு குடுக்கட்டும்."

"பிடிவாதம் வாணி உனக்கு" என்றான், செல்லமாக. ஒரு மாதத்துக்கு முன்பு அந்தக் குரலை நான் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பேன்.

சாயங்காலம் சாவியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

புது சுவிட்சுகள் வந்திறங்கின. பெரிய பெரிய பெட்டிகள். சர்வர் அறை பூட்டியிருந்ததால் லாரிக்காரர்கள் வராந்தாவிலேயே அடுக்கிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் போக வழியில்லை. சாவி என் மேசையில் இருந்தது. சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மௌலியைப் பார்த்தார். எடுத்துத் திற என்று மௌலியிடம் சொன்னார். மௌலி என் முகத்தைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றான். நான் எனக்குக் கொடுத்திருந்த பிரின்டர் புகார்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் கையெழுத்துக்காகத் தாளை நீட்டிக்கொண்டே நின்றார்.

செய்தி மேலே போயிருக்க வேண்டும். சேர்மனே இறங்கி வந்தார். பெட்டிகளுக்கிடையே பக்கவாட்டில் நுழைந்து வந்ததில் அவர் வெள்ளைச் சட்டையில் அழுக்குப் பட்டிருந்தது. இந்த ரூமுக்கு யாருய்யா ஆளு என்று கத்தினார்.  என் மேசைக்கு வந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தொறம்மா."

நான் எழுந்தேன். கையை நீட்டவில்லை.

"பொறுப்பு யாருக்குங்கய்யா?"

லாரிக்காரர், சார், மௌலி, ஸ்ட்ரெச்சரோடு நின்ற நர்ஸ் எல்லோரும் கேட்கும்படிதான் கேட்டேன்.

"உனக்குத்தான். தொற முதல்ல" என்றார், ஈயை விரட்டுகிற மாதிரி. சாரிடம் திரும்பி, இன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, சட்டையைத் தட்டிக்கொண்டே போய்விட்டார்.

இப்படித்தான் வந்தது. பாராட்டில்லை, தப்பு யாருடையது என்ற பேச்சில்லை, வராந்தா அடைத்துக்கொண்டதால் வந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. கதவைத் திறந்தேன். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

மௌலி சிரித்துக்கொண்டே வந்து வாழ்த்துச் சொல்லக் கை நீட்டினான். நீட்டிய கையைப் பார்த்தேன். பெட்டியின் அந்த முனையைப் பிடிக்கச் சொன்னேன்.